பல்லின் வேரைக் கழுவுவது எப்படி?

"சொத்தைப் பல்லா? பிடுங்கிப் போட்டா சரியாப் போச்சு" என்று பலர் சொல்வார்கள். அவசரப்படாதீங்க! நிலைப்பல் போனால் மறுபடி முளைக்காது. 'ரூட் கெனால்' என்னும் வேர் சிகிச்சையால் பல பற்களைக் காப்பாற்றலாம்.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. அது மெல்லிய குழாய் வழியாக வேரின் நுனி வரை செல்கிறது. சொத்தை ஆழமாகி, கிருமிகள் அதற்குள் புகுந்தால் கடும் வலி, சீழ், வீக்கம் வரும். மருத்துவர் பல்லில் சிறு துளை போட்டு, 'ஃபைல்' என்ற ஊசி போன்ற அரத்தால் கெட்டுப்போன கூழைச் சுரண்டி எடுப்பார்.

சுரண்டினால் மட்டும் போதுமா? போதாது! வேர்க்குழாய் ஸ்ட்ரா மாதிரி நேராக இருக்காது. வளைந்திருக்கும், பக்கக் கிளைகளும் இருக்கும். அங்கெல்லாம் அரம் எட்டாது. குறுகலான பாட்டிலை வெறும் பிரஷ்ஷால் தேய்த்தால் மூலை அழுக்கு போகுமா? சோப்புத் தண்ணி ஊற்றிக் குலுக்கணும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும்!

கழுவும் திரவங்கள்:

1. சோடியம் ஹைப்போகுளோரைட்: கிருமியைக் கொல்லும், செத்துப்போன கூழையும் கரைக்கும். துணி வெளுக்கும் பிளீச்சில் இருப்பதும் இதுதான். முதல் உலகப் போரின்போது, 1915-ல், காயங்களைக் கழுவ இதன் 0.5 சதவீதக் கரைசலை ஹென்ரி டேக்கின் என்ற வேதியியலாளர் பரிந்துரைத்தார்.

2. ஈ.டி.டி.ஏ. (17 சதவீதம்): அரம் தேய்த்ததால் சுவரில் அப்பிய தூள் படலத்தை நீக்கும்.

3. சலைன்: உப்புநீர். கிருமியைக் கொல்லாது, அலசுவதற்கு மட்டும்.

கவனம்! ஹைப்போகுளோரைட் வேர் நுனியைத் தாண்டினால் கடும் வலியும் வீக்கமும் வரும். அதனால் பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை நுனிக்கு 1 - 2 மி.மீ. முன்பே நிறுத்தி, மெதுவாகச் செலுத்துவார்கள். வாய்க்குள் சிந்தாமல் ரப்பர் திரை கட்டுவார்கள். வீட்டு பிளீச்சை யாரும் வாயில் வைக்கக் கூடாது!

கழுவி உலர்த்திய பின் 'கட்டாபெர்ச்சா' என்ற மரப்பால் பொருளால் குழாயை அடைத்து, மேலே பல்லை நிரப்பி, தேவையானால் உறை போடுவார்கள். உள்ளே கிருமி மிச்சமிருந்தால், மேலே எவ்வளவு அழகான உறை போட்டும் பயனில்லை. மறுபடி சீழ் பிடிக்கும். ஆகவே மருத்துவர் திரும்பத் திரும்பக் கழுவினால் சலிச்சுக்காதீங்க. பல் பிழைப்பது அந்தக் கழுவலில்தான்!

பல் கூசுதா? இன்றே வீட்டில் சொல்லுங்கள். சொத்தை சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் இவ்வளவு பாடே இல்லை. காலை, இரவு இரண்டு வேளையும் பல் துலக்குவோம்!