பெட்டிக்குள் ஒரு மின்நிலையம்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்கம்பமே எட்டாத உப்பளத்துக் கொட்டகையில் காவல் இருப்பவருக்கோ ஆண்டு முழுவதும் அதே இருள்தான். இத்தகையோருக்கு உதவக்கூடிய மின்பெட்டிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. மின்கலம், நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர், சூரியப் பலகையிலிருந்து மின்னேற்றும் கருவி ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும். விலையோ பல்லாயிரம். என் சித்தப்பா சீட்டுப் பணத்தில் ஒன்று வாங்க எண்ணினார். வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே ஆதலால், பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பெட்டியின் மேல் '2000 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது ஒரே நேரத்தில் எவ்வளவு திறன் தரும் என்பதே தவிர, உள்ளே எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதன்று. நாம் கேட்க வேண்டியது வாட்-மணி. சிலர் 'ஒரு லட்சம் மில்லி ஆம்பியர்-மணி' என்பார்கள். கேட்க மலைப்பாகத்தான் இருக்கும்! 3.2 வோல்ட்டால் பெருக்கினால் அது வெறும் 320 வாட்-மணி.

இனித் தேவையைப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 5 மணி நேரம்: 90 வாட்-மணி. 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி 10 மணி நேரம்: 300. கைபேசிகளுக்கு 30. ஆக 420. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 500. மழை மூட்டம் இரண்டு நாள் நீடித்தாலும் தாங்க 1000 வாட்-மணிப் பெட்டி வேண்டும். பழைய 75 வாட் விசிறியானால் அது ஒன்றே இரவுக்கு 750 வாட்-மணி குடித்துவிடும். ஆகவே பெரிய பெட்டி வாங்குமுன் விசிறியை மாற்றுவதே சிக்கனம். 200 வாட் பலகை ஒன்று, நல்ல வெயிலில், இழப்புப் போக நாளொன்றுக்கு 600 வாட்-மணி அளவு தரும்.

மின்கலத்தின் வகையையும் கேட்டறிய வேண்டும். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம் மின்கலம் எடை குறைவு. ஆனால் பொதுவாகச் சில நூறு முதல் ஆயிரம் முறை ஏற்றி இறக்கியதுமே கொள்ளளவு குறையத் தொடங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கனமானது. இரண்டாயிரம் முறைக்கு மேலும் உழைக்கும், எளிதில் தீப்பற்றாது. 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வின் பயன் இது. (அவருக்கு 2019-இல், 97-ஆம் வயதில், நோபல் பரிசு கிடைத்தது!) தினமும் பயன்படுத்துவோருக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

'முரட்டு உழைப்பு' என்னும் விளம்பரத்தை மட்டும் நம்பலாகாது. ஐ.பி.65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீரும் உள்ளே போகாது என்று பொருள். ஆனால் அது நல்ல நீரில் செய்யும் சோதனை. உப்புக் காற்று செருகுவாய்களை அரிப்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. மூடியுள்ள செருகுவாய்களாகப் பார்த்து எடுக்க வேண்டும். தகரக் கூரையின் அடியில் வெப்பம் 45 பாகையை நெருங்கினால் பல பெட்டிகள் மின்னேற்றத்தைத் தாமே நிறுத்திக்கொள்ளும். ஆதலால் பலகை வெயிலிலும், பெட்டி நிழலிலும் இருக்கும்படி நீளமான கம்பியையும் சேர்த்தே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.