ஒன்பது ரூபாய் அறுபது காசு!



பல வருஷமாக இந்தப் பகுதியைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. என் தவறைச் சொல்லத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டினாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன்.

எங்களுக்கு உத்திரமேரூர். கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டூ வீலர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். செலவு போகக் கையில் நிற்பது மாதம் பதினாலாயிரத்து ஐந்நூறு. அது போதவில்லை என்பதால், 2024 ஆனி மாதம் நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் பதினாறாயிரத்து ஐந்நூறு. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன், திரும்பி வர மாலை ஆறரை. அப்போது என் பெண்ணுக்குப் பத்து மாதம்.

மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் இரண்டு முழங்காலும் வலி. தவழ்கிற குழந்தையின் பின்னால் அவரால் ஓட முடியாது. அங்கன்வாடியில் விடலாம் என்றால் அங்கே இரண்டு வயதாவது முடிந்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு எங்கே போவது? அடுத்த தெருவில் ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை. ஒரே பெண், வந்தவாசிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். "மாசம் மூவாயிரம் தர்றேன்க்கா, குழந்தையை மட்டும் பார்த்துக்குங்க" என்றேன். "சரிம்மா" என்றார். காலை ஆறரைக்கு வருவார், மாலை ஆறரைக்குப் போவார்.

'குழந்தையை மட்டும்' என்று சொன்னேன் அல்லவா? பத்தே நாளில் அந்த 'மட்டும்' போய்விட்டது. "குழந்தை தூங்கற நேரத்துல இந்த நாலு பாத்திரத்தைப் போட்டுடுங்கக்கா" என்றேன். அப்புறம் துணி. அப்புறம் மாமியாருக்கு மதியச் சாதம். அவர் எதற்கும் முகம் சுளித்ததில்லை. என் பெண் அவரை 'ஆயா' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. "எங்க வீட்டுல ஒருத்தி மாதிரிதான் வச்சிருக்கோம்" என்று நானும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை. ஒரு நாள் காலையில் அக்கா, "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் போவணும்மா, பொண்ணு வருது" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். "வந்துடறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன். வாலாஜாபாத் தாண்டி மழையில் வேன் நின்றுவிட்டது. வீடு வந்து சேரும்போது மணி ஒன்பது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மழையிலேயே நடந்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு வந்தார். ஆனால் படியேறவில்லை.

"இனிமே நான் வரலைம்மா. வீட்டுச் சாவி என்கிட்ட. மாசமா இருக்கற பொண்ணு மூணு மணி நேரம் பூட்டுன வீட்டு வாசல்ல நனைஞ்சுகிட்டு ஒக்காந்திருந்துச்சு. உன் பொண்ணை நான் மழைல விடலை. என் பொண்ணு மழைல இருந்துச்சு" என்றார்.

கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்.

நான்கு நாள் சம்பளமில்லா லீவு போட்டேன். குழந்தை பாலைத் தொடவில்லை. வாசலைப் பார்த்து "ஆயா... ஆயா..." என்று அழுதாள். மாமியாரோ, "மூவாயிரமும் கொடுத்து, மதியம் சோறும் போட்டு, தீபாவளிக்குப் புடவையும் எடுத்துக் கொடுத்தோமே, நன்றி இல்லாத ஜென்மம்" என்று புலம்பினார்.

மூன்றாம் நாள் ராத்திரி, தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கணக்குதானே என் வேலை! தினம் 12 மணி நேரம், மாதம் 26 நாள். மொத்தம் 312 மணி நேரம். மூவாயிரத்தை 312-ஆல் வகுத்தேன். ஒரு மணிக்கு ஒன்பது ரூபாய் அறுபது காசு.

தோழிகளே, கம்பெனியில் நான் என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா? ஓவர்டைம் கணக்குப் போடுகிறேன். தொழிலாளி அரை மணி நேரம் கூட நின்றாலும், சட்டப்படி அதற்கு இரட்டைச் சம்பளம் என்று எழுதுகிற கை இது. என் வீட்டில் ஒருவர் ஒன்பது மணி வரை நின்றால் "பாவம், நல்ல மனுஷி" என்பதோடு சரி!

வேலைக்குத் திரும்பியதும் எங்கள் பிரிவில் இருக்கும் மூத்த சகோதரியிடம் சொல்லி அழுதேன். அவர்தான் விவரம் சொன்னார். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டாம். தமிழக அரசு 2018-இல் மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை நிர்ணயித்திருக்கிறது. அதுவும் 2018 விலைவாசிக்கு! இவர்களுக்கென்று 2007-இல் தனி நல வாரியமே ஏற்படுத்திவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொன்னார். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை செய்யும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும், அவருக்கும் மண் வெட்டுகிறவர்களுக்குத் தருகிற அதே கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்களாம். குழந்தை பார்ப்பதும் மண் வெட்டுவதற்குச் சமமான வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024-25-இல் அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 319 ரூபாய். நான் அக்காவுக்குக் கொடுத்தது நாளைக்கு 115!

சரி, நியாயமாகவே கொடுத்துவிடுவோம் என்றால் அங்கேதான் இடித்தது. 312 மணி நேரத்துக்கு 37 ரூபாய் வீதம் 11,544 ரூபாய். இருவர் வருமானமும் சேர்த்து 31,000. மளிகை, பால், காய்கறி, கேஸ் 12,000, வாடகை 4,500, மகளிர் குழுக் கடனும் வண்டித் தவணையும் 6,000, மாமியார் மருந்து 1,800, குழந்தைச் செலவு 1,500, கரண்டு, போன் 1,200. ஆக 27,000. மிச்சம் நாலாயிரம்தான். அதில் பதினொன்றரை ஆயிரத்தை எங்கிருந்து எடுப்பது?

"பேசாம நீ வேலையை விட்டுடு. உன் சம்பளத்துல முக்காவாசி ஆயாவுக்கே போயிடும்போல" என்றார் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. "அது என்னங்க, ஆயா சம்பளம்னா மட்டும் என் சம்பளத்துல கழிக்கறீங்க? குழந்தை எனக்கு மட்டுமா பொறந்துச்சு? வாடகை, மளிகை மாதிரி இதுவும் வீட்டுச் செலவுதானே?" என்றேன். சத்தம் போடவில்லை. அவரும் யோசித்தார். யோசிக்கிற மனுஷர் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மணிக்கூலியைக் குறைக்க முடியாது. மணியைக் குறைக்க முடியுமா பார்ப்போம்" என்று உட்கார்ந்தோம். கணவர் கடை திறப்பது ஒன்பது மணிக்கு. காலை ஆறரை முதல் எட்டரை வரை அவர் ஏன் பார்க்கக் கூடாது? "எனக்குக் குளிப்பாட்டத் தெரியாதே" என்றார். "என்ஜினைப் பிரிச்சு மாட்டத் தெரியுது, இது தெரியாதா?" என்றதும் சிரித்துவிட்டார். மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை தாழ்வாரத்து கிரில் கதவைச் சாத்திக்கொண்டு மாமியார் பார்ப்பதாக முடிவாயிற்று. ஆக, பன்னிரண்டு மணி நேரம் ஒன்பதாகிவிட்டது.

ஆனாலும் பணம் இடித்தது. அப்போது பின் தெருவில் இருக்கும் தனியார் பள்ளி ஆசிரியையின் ஞாபகம் வந்தது. அவருடைய ஒன்றரை வயதுக் குழந்தையையும் அங்கே இங்கே என்றுதான் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு குழந்தைகளையும் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன? ஆளுக்கு 4,500, மொத்தம் ஒன்பதாயிரம். ஒன்பது மணி நேரம், 26 நாள் என்றால் 234 மணி நேரம். மணிக்கு முப்பத்தெட்டு ரூபாய்க்கு மேல் வந்தது!

எங்கள் பங்கு 4,500. மிச்சம் இருப்பதோ நாலாயிரம். மீதி ஐந்நூறுக்கு கேபிளை நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமைக் கறியை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆக்கினோம். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய பெண்தான் கதவைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கணக்கைப் படித்துக் காட்டினேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை.

"பணம் இருக்கட்டும்மா. அஞ்சரைன்னா அஞ்சரையா?" என்று கேட்டார்.

"அஞ்சரைதான்க்கா. அதுக்குமேல ஆனா, எங்க கம்பெனியில மாதிரி இரட்டிப்பு. மணிக்கு எழுபத்தஞ்சு. பாத்திரம், துணி எதுவும் கிடையாது."

"அப்ப இன்னொண்ணு. ரெண்டு குழந்தைக்கு மேல கொண்டாராதீங்க. மூணாவது வந்தா காசு வரும். ஆனா எந்தப் புள்ளையையும் பார்த்த மாதிரி இருக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு இந்தத் தொழில் எவ்வளவு தெரியும் என்று புரிந்துகொண்டேன்.

மாமியார் லேசில் ஒப்பவில்லை. "அவளுக்குத்தான் கவர்மென்டே மாசம் ஆயிரம் கொடுக்குதே" என்றார். 2023 செப்டம்பர் 15-இல் எங்கள் காஞ்சிபுரத்தில்தானே மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கி வைத்தார்கள்? அது அக்காவுக்கும் வருகிறது. "அத்தை, அது அவங்க உரிமை. நாம கொடுக்க வேண்டிய கூலியை அதுல கழிச்சுக்க முடியுமா?" என்றேன். முணுமுணுத்தார். இப்போது மாலை ஒரு மணி நேரம் தாமே குழந்தையைப் பார்க்கிறார் அல்லவா? ஒரு மாதம் கழித்து, "ஒரு மணி நேரத்துக்கே இடுப்பு விட்டுப்போவுது. அவ எப்பிடித்தான் பார்த்தாளோ" என்றார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை குறையாக வந்ததில்லை.

ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். சம்பளம் ஐந்தாம் தேதி. ஞாயிறு லீவு. மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. பள்ளிக்கூட லீவு என்று ஆசிரியை மே மாதம் குழந்தையை அனுப்பாவிட்டாலும் பாதிச் சம்பளம் தந்துவிட வேண்டும். அக்காவுக்கு மே மாதமும் வயிறு உண்டே! பரமசிவன் கழுத்துப் பாம்பு கதையாக, யாரும் யாரையும் மிரட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். ஆதார், ரேஷன் அட்டை, பாங்க் புத்தகம் எல்லாம் எடுத்துப் போய் அக்காவை நல வாரியத்திலும் பதிவு செய்தாயிற்று.

எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலைத் தேர்தலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதிலேயே இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, என் வீட்டுக்குள் நடந்ததற்கு நான் கணக்கே பார்க்காமல் இருந்தேனே என்று இப்போது வெட்கப்படுகிறேன்.

எல்லோராலும் ஒன்பதாயிரம் முடியாது. எனக்குத் தெரியும், எங்களாலும் தனியாக முடியவில்லை. ஆனால் முடியவில்லை என்றால் அதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. நேரத்தைக் குறைக்கலாம். இன்னொரு வீட்டோடு சேரலாம். வீட்டு ஆண்களையும் இரண்டு மணி நேரம் இடுப்பில் குழந்தையோடு நிற்க வைக்கலாம். 'வீட்டில் ஒருத்தி மாதிரி' என்று வாயால் சொல்லாமல், அவர்கள் வீட்டிலும் ஒரு சாவி, ஒரு பெண், ஒரு மழை இருக்கிறது என்று நினைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அக்காவுக்குப் பேரன் பிறந்தான். பிரசவத்துக்குப் பதினைந்து நாள் லீவு கேட்டார். ஆசிரியையும் நானும் மாறி மாறி லீவு போட்டுச் சமாளித்தோம், சம்பளம் பிடிக்கவில்லை. திரும்பி வந்த அன்று என் பெண் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

உங்கள் ஊரில் குழந்தை பார்ப்பவர்களுக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்? எத்தனை மணி நேரம்? இன்றைக்கு ராத்திரி ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் வகுத்துப் பாருங்களேன், தோழிகளே!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உத்திரமேரூர்.