குப்பி விளக்கும் கைத்தொலைபேசியும்

சென்ற மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். 2009இல் கணவனை இழந்து, தையல் வேலை செய்து பிள்ளையை வளர்த்த தாய் அவர். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள்.

"கணனி படிக்கப் போறாளாம் மிஸ். பொம்பிளைப் பிள்ளைக்கு அது சரிவருமோ?" என்று கேட்டார்.

நான் சமூகவியல் படித்தவள். எனக்கு அதில் என்ன தெரியும்? நோர்வேயின் துரொன்ட்ஹைம் நகரில் மென்பொருள் பொறியியலாளராக இருக்கும் என் பெரியம்மாவின் மகளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

அந்த நகரத்துப் பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியில் 2001இல் ஃபலான்க்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது. 2006இல் பிரித்தானியாவின் ஆர்ம் நிறுவனம் அதை வாங்கியது. அங்கே பிறந்த 'மாலி' என்ற வரைகலைச் செயலி இன்று ஏராளமான அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் இருக்கிறது. அக்காவும் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறார்.

"யாழ்ப்பாணத்தில 1990இல கரண்ட் நிண்ட பிறகு குப்பி விளக்கில படிச்சனாங்கள். திரியைக் குறைச்சு எண்ணெயை மிச்சம் பிடிப்பம். இப்பவும் அதுதான் என்ர வேலை" என்று சிரித்தார் அக்கா.

தொலைபேசித் திரை பொதுவாக ஒரு வினாடிக்கு 60 தடவை புதிதாக வரையப்படுகிறது. தூர இருக்கும் நினைவகத்துக்கு ஒவ்வொரு புள்ளிக்காகவும் போய்வந்தால் பற்றரி விரைவில் இறங்கிவிடும். செம்பு செம்பாகக் கிணற்றுக்கு நடப்பதைப் போன்றது அது. ஆகவே திரையை 16க்கு 16 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் செயலிக்குள்ளேயே வரைந்து முடித்து, ஒரே தடவையில் வெளியே அனுப்புகிறார்கள். அதற்கான கட்டளைகளை எழுதுவதே அக்காவின் வேலை.

வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு மலிவான தொலைபேசியில் மட்டும் திரை மூலையில் கறுப்புச் சதுரம் ஒன்று விட்டுவிட்டுத் தெரிந்ததாம். பிழை தன்னுடையது என்று அக்காவுக்குத் தெரியும். குழுவில் அவர் ஒருத்திதான் பெண். கேட்டால் குறைவாக நினைப்பார்களோ என்று மூன்று கிழமை தனியே இரவிரவாகத் தேடினார். கடைசியில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்க, அரை நாளில் பிடிபட்டது. கட்டம் வரைந்து முடியுமுன்பே திரை அதை வாசித்திருக்கிறது. ஒரு வரியில் திருத்தம்.

"கெட்டித்தனத்தைவிடப் பொறுமை வேணும் அன்ரி. தெரியாததைக் கேக்க வெக்கப்படக் கூடாது. அந்த மூண்டு கிழமை நான் வீணாய் அழுதனான்" என்றார்.

தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "செலவு?" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதியானவர்களுக்கு மகாபொல உதவிப்பணமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே கணனி விஞ்ஞானம் படிக்கலாம்.

"அப்ப விண்ணப்பத்தை நிரப்பித் தாங்கோ மிஸ்" என்றார். மகள் பேனையோடு ஓடி வந்தாள்.

சகோதரிகளே, பிள்ளை விரும்பும் படிப்பு நமக்கு விளங்காவிட்டால் உடனே மறித்துவிடாதீர்கள். அந்தத் தாயைப் போல, தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.