அமீரகத்தில் பணிக்கொடைக் கணக்கு

துபாயில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவர், 3000 திர்ஹம் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கைக்கு வந்தது அதில் பாதிதான். கம்பெனி ஏமாற்றவில்லை.

பணிக்கொடையை (நம்மவர் பேச்சில் 'கிராஜுவிட்டி') கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். வீட்டு வாடகைப்படி, பயணப்படி எதுவும் சேராது. நண்பரின் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 1500தான்; நாளொன்றுக்கு 50. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் சம்பளம் வீதம் 5250. அதற்கு மேற்பட்ட மூன்று வருடங்களுக்கு 30 நாள் வீதம் 4500. ஆக 9750 திர்ஹம். வேலையில் சேரும்போது மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதன் பலன் இது.

ஒரு வருடம் முடிக்காதவருக்கு ஒன்றும் கிடையாது. சம்பளமில்லா விடுப்பு நாட்களைக் கழித்துவிடுவார்கள். மொத்தத் தொகை இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டாது.

1980ஆம் வருடச் சட்டப்படி, காலவரையற்ற ஒப்பந்தத்தில் இருப்பவர் மூன்று வருடத்துக்குள் தானாக ராஜினாமா செய்தால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்த வெட்டு இல்லை. இன்னும் பழைய கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு, நம்பிவிடாதீர்கள். ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் பாக்கி முழுவதையும் கொடுத்துவிட வேண்டும்.