அசுவான் கல்குவாரி

எகிப்து நாட்டின் தென்பகுதியில், நைல் ஆற்றங்கரையில் அசுவான் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பழங்காலக் கல்குவாரியில், ஏறத்தாழ 42 மீட்டர் நீளமுள்ள கருங்கல் தூண் ஒன்று தாய்ப்பாறையோடு ஒட்டியவாறே படுத்துக் கிடக்கிறது. அதன் எடை 1,000 டன்னுக்கும் மேல் என்பர். ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன், அரசி ஹட்செப்சுட் காலத்தில் வெட்டப்பட்டதென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

மாணவர்களே, இரும்புக் கருவிகள் அந்நாளில் அங்கு வழக்கில் இல்லை. செம்பு உளியோ கருங்கல்லில் மழுங்கிவிடும். பின் எவ்வாறு வெட்டினர்? டோலரைட் என்னும் கடினமான கல்லுருண்டையைக் கையிலேந்திப் பாறையை ஓயாது இடித்தனர். பாறை பொடியாக உதிர்ந்தது. 1922-இல் இக்குவாரியை ஆராய்ந்த எங்கல்பாக் என்பார், தாமே ஒரு மணி நேரம் இடித்துப் பார்த்தார். இறங்கிய ஆழம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டரே! தூணைச் சுற்றியுள்ள பள்ளமோ ஆள் இறங்கி நிற்கும் ஆழமுடையது. பள்ளத்தின் சுவரில் செங்காவிக் கோடுகள் காணப்படுகின்றன. அவை மேற்பார்வையாளர் வேலையை அளந்து குறித்த அடையாளங்கள். பால் நிறுத்துக் கணக்கெழுதக் கண்டு வளர்ந்த நம் தோட்டத்து மக்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இத்துணை உழைப்புக்குப் பின் பாறையில் விரிசல் கண்டது. தூணின் அளவைக் குறைத்துப் பார்த்தனர், பயனில்லை. வேலை கைவிடப்பட்டது.

நிமிர்ந்து நிற்கும் மற்றத் தூண்களில் மன்னர் பெயர்களைக் காண்கிறோம். இடித்த தழும்புகள் மெருகிட்டபோதே மறைந்துவிட்டன. இத்தூண் பிளந்ததனாலேயே தொழிலாளரின் கைவேலை நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவர்கள் கையாண்ட கல்லுருண்டைகள் தேய்ந்தும் உடைந்தும் அக்குவாரியிலேயே கண்டெடுக்கப்பட்டன.