விளக்கு எரிகிறது; எர்த் இருக்கிறதா?

ஜொகூர் பாரு – ஐஸ் பெட்டியின் கைப்பிடியைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. குளியலறைக் குழாயைத் திறந்தால் கை கூசுகிறது. பழைய வீடுகளில் பலரும் செருப்பைப் போட்டுக்கொண்டு தொட்டுப் பழகிவிடுகிறார்கள். ஆனால், எர்த் கம்பி வேலை செய்யவில்லை என்பதற்கு அது முதல் எச்சரிக்கையாக இருக்கலாம்.

குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களின் பழைய லயத்து வீடுகளானாலும் பட்டணத்துப் பழைய தாமான் வீடுகளானாலும், அன்று சில விளக்குகளையும் ஒரு காற்றாடியையும் கணக்கிட்டே வயரிங் செய்யப்பட்டிருக்கும். இன்று அதே வீட்டில் வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம், ஏர்கோன் எல்லாம் ஓடுகின்றன.

சாதனத்தின் உள்ளே மின்கம்பி தேய்ந்து அதன் இரும்பு உடலைத் தொட்டால், எர்த் கம்பி அந்த மின்சாரத்தை வீட்டோரம் புதைத்த உலோகத் தண்டின் வழியே மண்ணுக்குள் இறக்கிவிடும். அந்தத் தண்டு துருப்பிடித்தாலும், வீட்டைப் பெரிதாக்கும்போது கம்பி அறுந்தாலும் வெளியே தெரியாது. விளக்கு எப்போதும்போல் எரியும். இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்திய வீடுகளில், பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிய அன்றே எர்த் போய்விடும்.

பியூஸ் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மண்ணோடு உள்ள தொடர்பு கெட்டு 50 ஓம் தடை இருந்தால், கசிவது 5 ஆம்பியருக்கும் குறைவே. 13 ஆம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. மனித உடலிலோ 0.05 ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம்.

அதற்காகத்தான் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. தேவைப்படுகிறது. 1994 மின்சார விதிமுறைகளின்படி, கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு அது 0.03 ஆம்பியரிலும், தரை ஈரமாகும் இடங்களுக்கு 0.01 ஆம்பியரிலும் துண்டிக்க வேண்டும். பெட்டியில் 0.1 என்று மட்டும் இருந்தால், அது ஆளைக் காக்கப் போதாது. எர்த் சரியாக இருந்தால் கசிவு தொடங்கியதுமே இ.எல்.சி.பி. விழும்; எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். இடி மின்னலுக்கு அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பது, வீட்டின் கடைசிக் காவலையும் எடுத்துவிடுவதாகும்.

மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். ஆனால், அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிக்காது. அதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் கருவி வைத்து அளக்க வேண்டும்.

தோட்ட வீடானால் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பழுதின்றிப் பராமரிப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியின் கடமை. சுர்ரென்ற சாதனத்தின் சுவிட்சை உடனே அடைத்து விடுங்கள்; வயர்மேன் பார்க்கும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம்.