பெரிய உடலுக்குப் பந்தய இருக்கை

2003 மார்ச் 23 அன்று செபாங்கில் மலேசிய கிராண்ட் பிரீ பந்தயம். மினார்டி அணியின் ஜஸ்டின் வில்சன் பாதி தூரத்துக்கு மேல் ஓட்டிவிட்டுக் காரை நிறுத்தினார். இன்ஜினில் கோளாறு இல்லை, டயரும் போகவில்லை. அவருடைய கைகள்தான் செயலிழந்திருந்தன. கழுத்தைக் காக்க அந்த ஆண்டிலிருந்து ஃபார்முலா ஒன்னில் கட்டாயமாக்கப்பட்டிருந்த ஹான்ஸ் கருவி, ஓட்டத்தின் நடுவே இடம் பெயர்ந்து தோள் நரம்புகளை நசுக்கிவிட்டது. மருத்துவக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கைகளுக்கு உணர்வு திரும்பியது. வில்சன் 1.9 மீட்டர் உயரம். உயரம்தான் காரணம் என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் உடலும் இருக்கையும் வாரும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது என்ன ஆகும் என்பதற்கு, நம் நாட்டு மண்ணிலேயே நடந்த இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பினாங்கில் வேகக் காரில் ஆசை வைத்த பெரிய உடம்புக்காரர்கள் நிறைய பேர். தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலையைச் சுற்றிப் போகும் வளைவுகள் அந்த ஆசையை வளர்க்கின்றன. கொஞ்சம் துணிந்தவர்கள் பாலத்தைக் கடந்து, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓட்டிப்போய், செபாங்கில் முறையாகவே ஓட்டிப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தோன்றும் முதல் கேள்வி, "எக்ஸ்எல் சைஸில் எந்த பிராண்டு நல்லது?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இந்த இருக்கையை என் காரின் தரையில் எவ்வளவு தாழ்வாக, எதைப் பிடித்து முடுக்கப் போகிறோம்? பெரிய உடலுக்கான விடை கடையில் பாதிகூட இல்லை. மீதியெல்லாம் காரின் தரையில்தான் இருக்கிறது.

சாதாரண சீட்டு வசதிக்கானது. வேகமான வளைவில் அது உடலைப் பிடித்துக்கொள்ளாது. ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைப் பற்றித் தொங்கியும், முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுத்தும்தான் தன்னை நிறுத்திக்கொள்கிறார். உடலை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட்டு அந்த வேலையைத் தான் எடுத்துக்கொண்டு கைகளை ஓட்டுவதற்கென்று விட்டுவிடுகிறது. எடை கூடியவருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வளைவு வெளியே தள்ளும் விசை எடைக்கு ஏற்பக் கூடும்.

அளவு பார்க்கும்போது வயிற்றை மறந்துவிடுங்கள். இருக்கை பிடிக்க வேண்டியது எலும்பை: இடுப்பெலும்பு, விலாவின் பக்கங்கள், தோள். இடுப்பின் இரு பக்கமும் இருக்கையின் ஓடு படிய வேண்டும். கிள்ளக் கூடாது, இடைவெளியும் விடக் கூடாது. பருத்தவர்கள் பெரும்பாலும் தோள் பகுதியைக் கவனிக்காமல் விடுகிறார்கள். தோள் இறக்கைகள் குறுகலாக இருந்தால் அவை தோள்களை முன்னால் தள்ளும். மார்பு ஒடுங்கும், மூச்சு முழுதாக இழுக்க முடியாது. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியாது. அரை மணி நேரமாவது உட்கார்ந்து, கைகளை ஸ்டீயரிங் பிடிப்பது போல நீட்டி வைத்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம். கால் நீளமானவருக்குத் தேவை பின்னால் தள்ள இடம்; முதுகு நீளமானவருக்குத் தேவை தலைக்கு மேலே இடம். நண்பருக்குப் பொருந்திய சீட்டு உங்களுக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நம் ஊரில் பலர் முதலில் போவது ஹாஃப்கட் கடைக்கு. ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலேற்றிய கார்களிலிருந்து ஹோண்டா டைப் ஆர், மிட்சுபிஷி எவோலூஷன் ஆகியவற்றின் ரெக்காரோ சீட்டுகள் அங்கே கிடைக்கும். 1990-களின் இறுதியில் வந்த நம் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயிலும் ரெக்காரோதான். அருமையான சீட்டுகள். ஆனால் அவற்றின் தொடைப் பக்கத் திண்டுகள் உயர்ந்து நெருக்கமாக இருக்கும்; பருத்த தொடைக்கு அவை அரை மணியில் மரத்துப்போகச் செய்யும் கிடுக்கி. சாய்வை மாற்றும் அமைப்பும் அடியில் நகரும் ரெயிலும் சேர்வதால் உட்காரும் இடமும் சில சென்டிமீட்டர் ஏறிவிடும். உயரமானவருக்கு அந்தச் சில சென்டிமீட்டர்தான் உயிர்.

ஏன் என்பதற்கு லே மான்ஸ் பந்தயம் ஒரு பழைய சாட்சி. ஃபோர்டு ஜிடி40 என்ற பெயரில் இருக்கும் 40, காரின் உயரம் 40 அங்குலம் என்பதைக் குறிப்பது. அந்த வம்சத்தில் வந்த மார்க் ஃபோர் காரில் ஆறடிக்கு மேல் வளர்ந்த டான் கர்னி ஹெல்மெட்டோடு உட்கார்ந்தபோது கூரை இடித்தது. இருக்கையை இன்னும் இறக்க வழியில்லாததால் கூரையிலேயே அவர் தலைக்கு மேல் ஒரு புடைப்பை உண்டாக்கினார்கள். 1967-இல் ஏ. ஜே. ஃபாய்ட்டோடு சேர்ந்து அவர் அந்தக் காரில்தான் லே மான்ஸை வென்றார். பெரிய உடலுக்காகக் காரையே மாற்றும் அந்தப் பெருந்தன்மை பந்தய உலகில் அரிது. ஃபார்முலா ஒன்னில் கனத்த ஓட்டுநரின் எடை நேராகக் காரின் வேகத்தைத் தின்றது. அதனால் பலர் பட்டினி கிடந்து மெலிந்தார்கள். 2019-இல்தான் ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ என்று கணக்கு வைக்கும் விதி வந்தது.

நம் காரில் கூரையைப் புடைக்க வைக்க முடியாது. தரைக்குத்தான் இறங்க வேண்டும். இருக்கையைப் பொருத்த இரண்டு வழிகள் உண்டு. அடியில் போல்ட் போடுவது ஒன்று: ரெயில், தாங்கி, அதன்மேல் சீட்டு என்று அடுக்கு அடுக்காக உயரம் ஏறும். பக்கவாட்டில் போல்ட் போடுவது மற்றது: இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஓடு தொங்குவதால் அதன் அடிப்பாகம் தரையை ஒட்டும் அளவுக்கு இறங்கலாம், துளைகளை மாற்றிச் சாய்வையும் திருத்தலாம். உயரமானவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் இங்கே ஒரு முரண் காத்திருக்கிறது. தகடுகளுக்கும் அகலம் வேண்டும். மஸ்டா எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலிஸ் போன்ற கார்களில் நடுச் சுரங்கத்துக்கும் கதவுப் படிக்கும் இடையே இடம் குறைவு. அகலமான சீட்டை வாங்கி வந்துவிட்டு உள்ளே நுழையவில்லை என்று திரும்புகிறவர்கள் உண்டு. ஆகவே முதலில் பழைய சீட்டைக் கழற்றி, அந்த இடைவெளியை டேப்பால் அளந்து, பிறகு சீட்டின் வெளி அகலத்தோடு ஒப்பிடுங்கள்.

மெத்தையைக் குறைத்தும் உயரத்தை மீட்கலாம். சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ, இருக்கைக்கும் ஆளுக்கும் இடையே போடும் மெத்தை 50 மி.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது என்கிறது. மெத்தை தடித்திருந்தால் மோதலில் அது அமுங்கி வார் தளர்ந்துவிடும். சிறந்த மாற்று, இரு திரவங்களைக் கலந்து பைக்குள் ஊற்றும் நுரை. ஓட்டுபவர் அதன்மேல் உட்கார, அது பொங்கிச் சூடேறி அவர் உடலின் அச்சாகவே இறுகிவிடும். ஃபார்முலா ஒன் இருக்கையும் இப்படித்தான் தனி ஆளுக்கென்று வார்க்கப்படுகிறது. இடுப்பு அகன்று தோள் ஒடுங்கியவர், தோள் அகன்று இடுப்பு ஒடுங்கியவர் என்று எந்த அளவு அட்டவணையிலும் அடங்காதவர்களுக்கு இதுதான் நேர்மையான வழி.

இனி போல்ட். 100 கிலோ மனிதர், புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு அதிர்ச்சி என்று ஒரு மோதலைக் கணக்கிட்டால், இருக்கைமேல் ஒரு கணம் விழும் விசை 2 டன் எடைக்குச் சமம். தலையில் 8.8 என்று பொறித்த 8 மி.மீ. போல்ட் ஒன்றே ஏறக்குறைய 3 டன் இழுவையில்தான் அறும். அப்படியானால் பயம் எங்கே? தரைத் தகட்டில். போல்ட் அறுவதற்கு முன் மெல்லிய தகடு கிழிந்து, போல்ட் வாஷரோடு வெளியே வந்துவிடும். அதனால்தான் எஃப்ஐஏ விதி நான்கு இடங்களில் குறைந்தது 8 மி.மீ. போல்ட்டும், ஒவ்வொரு இடத்திலும் தகட்டோடு 40 சதுர சென்டிமீட்டர் பரப்பில் படியும் எதிர்த் தகடும் கேட்கிறது. தாங்கி எஃகானால் 3 மி.மீ., இலேசான உலோகமானால் 5 மி.மீ. தடிமன் குறையக் கூடாது. ஜெலுத்தோங், சுங்கை பினாங்கு பக்கத்துப் பட்டறைகளில் கைதேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். இந்த அளவுகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

வார் பொருத்தும்போதுதான் பெரிய உடல்கள் அதிகம் துன்பப்படுகின்றன. இடுப்பு வார் வயிற்றின்மேல் ஏறக் கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் உறுதியாக உட்கார வேண்டும். தொந்தி உள்ளவர் அதைத் தூக்கி, வாரை அடியில் தள்ளித்தான் முடுக்க வேண்டும். கூச்சப்பட ஒன்றும் இல்லை, மோதலில் மென்மையான வயிற்று உறுப்புகளை அது காக்கிறது. நான்கு புள்ளி வார்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்: தோள் வாரை இழுக்கும்போது இடுப்பு வாரும் மேலே ஏறிவிடுகிறது. கால்களுக்கிடையில் வரும் வாருடன் கூடிய ஆறு புள்ளி அதைத் தடுத்துவிடும். நெடிய முதுகுக்காரர் பார்க்க வேண்டியது இருக்கையின் தோள் துளைகளை. அவை தோளைவிடத் தாழ்ந்திருந்தால் வார் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அழுத்தும். துளை தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும். தலைக்கு இடம் வேண்டுமென்று சீட்டை அதிகமாகச் சாய்த்தாலும் உடல் இடுப்பு வாருக்கு அடியில் வழுக்கிப் போகும் ஆபத்து கூடும்.

ஊர் சாலையில் தினமும் ஓட்டும் காரானால் மூன்று புள்ளி பெல்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் பெல்ட்டின் பூட்டு பழைய சீட்டின் சட்டத்தோடே வரும். சீட்டைக் கழற்றினால் அதையும் வலுவாக வேறிடத்தில் பிணைக்க வேண்டும். பக்கக் காற்றுப்பை உள்ள சீட்டானால் பேட்டரி இணைப்பை நீக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஓட்டின் பின்புறமோ பக்கமோ ஒட்டியிருக்கும் எஃப்ஐஏ லேபிளைத் தேடிப் படியுங்கள். 8855-1999 தரம் என்றால் 5 ஆண்டு, 8862-2009 என்றால் 10 ஆண்டு செல்லும். ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழைய ஓட்டில் அந்த லேபிள் இல்லையென்றால் பந்தயத்தில் அதை ஏற்க மாட்டார்கள். மோதிய காரிலிருந்து வந்ததா என்று தெரியாத கண்ணாடியிழை ஓட்டில் கண்ணுக்குப் புலப்படாத விரிசலும் இருக்கலாம். பிரபல பிராண்டுகளின் போலிகளும் சந்தையில் புழங்குகின்றன. அவற்றில் பெயர்தான் அசல், வலிமை அல்ல.

எல்லாம் முடுக்கிய பின் ஹெல்மெட் போட்டு, வாரை இறுக்கி உட்காருங்கள். முதுகு சீட்டில் படிந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். கிளட்ச்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். யாரையாவது தோளைப் பிடித்து வலுவாக ஆட்டச் சொல்லுங்கள். தலை கூரையிலோ ரோல் கேஜிலோ தட்டினால் இன்னும் கீழே இறக்குங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எட்டு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்: தரையில் நான்கு, ஓட்டில் நான்கு.